காற்றுக்குமா காசு?

மடவாஸ்காவில் அன்று மைனஸ் முப்பது.
ஆற்றுக்கு அக்கரையில் கனடா.
அங்கே எல்லாப் புகைபோக்கிகளும்
நெட்டுக்குத்தாய்ப் புகைந்துகொண்டிருந்தன.
இக்கரையில் லூட்ஜே மிஷோ வீட்டுப் புகைபோக்கி மட்டும்
சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு நின்றது.

கைப்பிடியைத் திருகியதும்
கதவு என்னை உள்ளே இழுத்தது.
தள்ளவே இல்லை நான்.
அப்போதே தெரிந்தது பாதி.

"மூணு தரம் அணைஞ்சுபோச்சு, கொலெட்.
பாய்லர் தும்முது, உறுமுது, நின்னுடுது.
பொத்தானை அமுக்கியே விரல் தேஞ்சுபோச்சு."

ரீனெட் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
இலையுதிர்காலத்திலிருந்து தலைவலி.
கண்ணில்தான் கோளாறு என்று
புதுக் கண்ணாடி வாங்கியிருந்தாள்,
நானூறு டாலர்.

நிலவறைப் படியில் மூன்றாவது கால் வைக்கையில்
என் இடுப்புக் கருவி அலறியது. அறுபத்தெட்டு.
சுவரில் அவர்களுடைய கருவியும் இருந்தது,
வாயில் பல்லில்லாமல்.
காலையில் கத்துகிறது என்று பேட்டரியை எடுத்து
டிவி ரிமோட்டில் போட்டிருந்தார்.

சிவப்புச் சுவிட்சை இறக்கினேன்.
இரண்டு கதவையும் திறந்துபோட்டேன்.
"கோட்டை மாட்டுங்க, என் வண்டியில போய் உக்காருங்க."
"இத்தனை குளிரை உள்ளே விடறியே" என்று
போகிற வழியெல்லாம் முணுமுணுத்தார்.

கருவி பூஜ்யம் காட்டிய பிறகு
அவரை மட்டும் கீழே கூப்பிட்டேன்.
பெருமையோடு சுற்றிக் காட்டினார்:
சன்னல் விளிம்பெல்லாம் நுரை,
கதவடியில் ரப்பர்,
வடக்குச் சுவரின் காற்றுத் துளையில்
பழைய பனிவண்டிச் சட்டை ஒன்றைத் திணித்து
மேலே வெள்ளி நாடா, நான்கு சுற்று.
"ஒரு எறும்பு நுழையட்டும் பார்ப்போம்."

எறும்பு நுழையவில்லை.
பாய்லரைச் சுற்றி
சட்டியின் அடிப்பக்கம் போல் கரி.

மேலே துணி உலர்த்தியை ஓடவிட்டேன்.
சமையலறை விசிறியையும்.
கீழே வந்து, புகைக்குழாயில் ஊஞ்சலாடும் தகட்டருகே
புகைக்குச்சியைப் பிடித்தேன்.
புகை மேலே போகவில்லை.
குழாய்க்குள்ளிருந்து வந்த காற்று அதைத் திருப்பி
அவர் முகத்தில் அடித்தது.

"வீட்டுக்கு மூச்சு வேணும், லூட்ஜே.
நீங்க மூக்கைப் பொத்திட்டீங்க,
அது புகைபோக்கி வழியா மூச்சு இழுக்குது.
வெளிய போக வேண்டியது
நடு ராத்திரி உங்க கட்டிலுக்கு வருது."

நிலவறைச் சன்னலை ஒரு விரற்கடை திறந்தேன்.
புகை தயங்கியது,
வளைந்தது,
தகட்டுக்குள் நழுவிப் போய்விட்டது.

முப்பத்தெட்டு வருடம் காகித ஆலையில்
நீராவி வால்வுகளைக் காத்த மனிதர்.
குச்சியை என் கையிலிருந்து வாங்கி
சன்னலைத் தானே மூடிப் பார்த்தார். திறந்து பார்த்தார்.
மறுபடியும் மூடினார்.
"ரீனெட்டுக்கு நான் கண்ணாடி வாங்கிக் குடுத்தேன்"
என்றார், குச்சியிடம்.

பிறகு வேலை. புகைவழியெல்லாம் கரி சுரண்டினேன்.
சுவரில் இரண்டு துளை:
கூரைக்கு ஒரு அடிக்குள் ஒன்று,
தரைக்கு ஒரு அடிக்குள் ஒன்று.
எலி வராமல் கம்பிவலை. வலை அடைக்கும் இடத்தைக் கணக்கிட்டு
துளையைப் பெரிதாகவே வெட்டினேன்.
பில்லைப் பார்த்தவர் புருவம் தூக்கினார்.
"காற்றுக்குமா காசு?"
"காற்று சும்மாதான். ஓட்டைக்குத்தான்."

சிவப்புச் சுவிட்சை ஏற்றினேன்.
உறுமல் இல்லை, தும்மல் இல்லை.
பார்வைத் துளையில் தீ
கலங்காமல் நின்றது.
அவர் முழங்காலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.
ரிமோட்டைத் தேடிக்கொண்டு
ரீனெட் மேலே நடக்கிற சத்தம்.

மார்ச்சில் ஒரு நாள் அந்தத் தெருவில் போனேன்.
இரவு முழுக்கப் பெய்து இடுப்பளவு பனி.
வாசற்படி காணோம், கார் காணோம்,
தபால்பெட்டியின் கொடி மட்டும் சிவப்பாய்த் துருத்திக்கொண்டிருந்தது.
வடக்குச் சுவரோரம் மட்டும்
மண் தெரிய ஒரு அரைவட்டம்.
பின்கதவிலிருந்து அதுவரை
ஒற்றையாள் போய்வந்த தடம்.